நிய்யத்துக் காக்கா கழித்த ஆட்கள்

இணையத்தில் ஆட்களை வரவழைத்துத் தருகிறேன் என்று பலகை மாட்டிவிட்டு, வந்த ஆட்களையெல்லாம் கழித்துக் கழித்து வாடிக்கையாளனின் நெஞ்சுவலியை மட்டும் கூட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கல்முனையில் இருக்கிறார். அவரிடம் போய் மாட்டிய முதல் ஆள் நான்.

மற்ற இடங்களில் விளம்பரக்காரன் என்ன செய்வான்? பத்துப் பேர் பார்த்தால் நூறு என்பான். நூறு பேர் பார்த்தால் வரைபடம் போட்டு, மேலே ஏறும் பச்சைக் கோடு ஒன்றையும் இழுத்து, நம்மை எழுந்து நின்று கைதட்ட வைப்பான். நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம்; எங்கள் நிய்யத்துக் காக்கா பேனையை எடுப்பார். "இந்த நூறில அறுவது பேர் கை தவறிப் பட்டு வந்தவன். இருவது பேர் ஒங்கட சொந்தக்காரன். பதினெட்டுப் பேர் வேற என்னத்தையோ தேடி வழி தவறினவன். மிச்சம் ரெண்டு." அந்த இரண்டு பேரையும் அவர் முழுதாக நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அடையாள அட்டையில் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். கட்டாரில் ஒரு கம்பனியின் கணினிக்கு முன்னால் பல வருடம் குந்தியிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, இரண்டு கதிரையோடு கந்தோர் திறந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பிஸ்மி சொல்லாமல் கடவுச்சொல் அடிக்கமாட்டார். போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன நிய்யத்?"

தொழுகையோ நோன்போ, தொடங்கும்போது உள்ளத்தில் வைக்கும் எண்ணத்தைத்தான் நாங்கள் நிய்யத் என்போம். நிய்யத் இல்லாமல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் அது நோன்பாகாது, வெறும் பசிதான். காக்கா இந்தச் சட்டத்தை இணையம் வரைக்கும் நீட்டிவிட்டார். "ஒருத்தன் ஒங்கட பக்கத்துக்குள்ள வாறான். ஏன் வாறான்? என்னத்த நெனச்சி வாறான்? அது தெரியாம ஆயிரம் பேர் வந்தா என்ன, ஆயிரம் ஆடு வந்தா என்ன?" இப்படிக் கேட்கிற மனிதருக்கு ஊர் வேறென்ன பெயர் வைக்கும்?

நான் அவரிடம் போன கதை என் மனைவி வீட்டு மொட்டை மாடியில் தொடங்குகிறது. எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுடையது. இருபத்திரண்டு வருடமாக ஹாஜறாவின் வீட்டில் சாப்பிட்டு, உறங்கி, அங்குமிங்கும் குடையை மறந்துவைத்து வாழ்கிறேன். என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் அவளிடம் ஒரு வார்த்தை, அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சுத்தியலைத் தேடுவேன். கந்தோர் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. இது நான் கட்டியது என்று சொல்ல உலகத்தில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஹாஜறா இரண்டு நாள் யோசித்துவிட்டு மொட்டை மாடியைத் தந்தாள். இரண்டு அறை கட்டினேன்.

கட்டியது வெள்ளைக்காரருக்கு. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வருகிறவர்களில் பலர் எங்கள் ஊர் வழியாக பஸ்ஸில் போகிறார்கள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேதான் போகிறார்கள். பார்க்கிற கண்ணுக்கு என் அறைகள் தென்பட்டால் இறங்கமாட்டார்களா? சுவர் முழுக்கப் பெரிய நீல அலை ஒன்று வரைவித்தேன். சறுக்குப் பலகை சாத்திவைக்க மரச்சட்டம் அடிப்பித்தேன். கதிரைபோல் உட்காரும் கொமட் கக்கூசு வைத்தேன். கொழும்பில் ஒருவரைப் பிடித்து இணையத்தளமும் செய்வித்தேன். முழுக்க ஆங்கிலம். அதில் பாதி எனக்கே விளங்கவில்லை.

நான்கு மாதம் போனது. பஸ்களும் போயின. ஒருவரும் இறங்கவில்லை.

அப்போதுதான் ஹாஜறாவின் தம்பி அளவு நாடாவோடு வந்தார். அவர் கணக்கு மாஸ்டர். டியூஷன் வகுப்புக்கு இடம் போதாமல் ஊரில் இருக்கிற ஒவ்வொரு கூரையையும் ஏக்கத்தோடு பார்க்கிறவர்.

"மச்சான், மேல சும்மாதானே கெடக்கு. நடுச் செவர ஒடச்சா அறுவது புள்ளகள் இரிக்கலாம்."

அறுபது பிள்ளைகள் என்றால் நூற்றிருபது கால்கள், என் தலைக்கு நேர் மேலே, தினமும் பின்னேரம். ஹாஜறாதான் தீர்ப்பு சொன்னாள்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள ஒருத்தராவது வந்து தங்கல்லெண்டா தம்பிக்குக் குடுத்திருவம்."

பெருநாளுக்கு இரண்டரை மாதம் இருந்தது. மறுநாள் காலையில் காக்காவின் வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

"காக்கா, நாலு மாசத்தில நாலாயிரம் பேர் தளத்துக்கு வந்திரிக்கான். ஆனா படுக்க ஒருத்தனும் வாறான் இல்ல."

காக்கா மடிக்கணினியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஒரு நாளெக்கி எத்தின தரம் நீங்க தொறந்து பாக்கிற?"

"அப்பப்ப..."

"அப்பப்ப எண்டா?"

"ஒரு நாப்பது தரம் இரிக்கும். என்ட போன்ல, ஊட்டுக்காரிட போன்ல, பழைய கந்தோர்ல போயும் ஒருக்கா..."

பேனையை எடுத்தார். தாளில் எழுதியிருந்த நாலாயிரத்தைக் குறுக்கே வெட்டினார். "இது முழுக்க நீங்கதான். கணக்குப்படி இன்னும் எண்ணூறு கூட வரணும். இடைக்கிட நெட் வேல செய்யல்ல போல."

என் தளத்துக்கு நான்கு மாதமாக வந்துபோன ஒரே சுற்றுலாப் பயணி நான்தான் என்று அன்றைக்கு அறிந்தேன். இருந்தாலும் விடவில்லை. அறுகம்பே என்ற பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டால் தேடுகிறவன் கண்ணில் படுவோமே என்றேன்.

"ஒங்கட ஊடு அறுகம்பேயிலயா இரிக்கி?"

"இல்ல காக்கா. அங்க போற பாதைல."

"மாடில ஏறி நிண்டா அல வெளங்குமா?"

"வெளங்காது. ஆனா காத்தடிச்சா சத்தம் கேக்கும்."

"அப்ப அதப் போடுவம்."

உண்மையாகவே போட்டார். 'கல்முனையில் இரண்டு அறைகள். அறுகம்பே இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கடல் தெரியாது. காற்றடித்தால் அலைச் சத்தம் கேட்கும்.' இப்படி ஒரு விளம்பரத்தை நான் என் பரம எதிரிக்கும் எழுதமாட்டேன். மூன்று கிழமையில் பதினோரு பேர் பார்த்தார்கள். காக்கா ஒன்பதைக் கழித்தார்.

நான் அடிப்படையில் பதற்றக்காரன். பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தரிப்பிடத்தில் நிற்கிறவன். பதற்றம் பிடித்தால் எதையாவது அமத்தாமல் என் விரல் சும்மா இருக்காது. காக்காவுக்குச் சொல்லாமல் நானே ஒரு விளம்பரத்தைக் கட்டணம் கட்டிப் பரப்பினேன். எந்தப் பகுதி ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று போன் திரை கேட்டது. கல்முனையை நடுவில் வைத்துப் பெரிய வட்டம் ஒன்று போட்டேன். வட்டம் எவ்வளவு பெரிதோ ஆட்களும் அவ்வளவு அதிகம் என்பது என் கணக்கு.

அன்று பின்னேரமே போன் அடித்தது. எதிர்ப்பக்கத்தில் இயந்திரச் சத்தம், காற்று, அதற்குள் ஒரு குரல்.

"அண்ணன், ஏசி ரூம் எண்டு போட்டிரிக்கி. ஐஸ் இரிக்கா?"

"ஐஸா? என்னத்துக்கு?"

"மீனுக்கு அண்ணன். இன்னம் ஒரு மணித்தியாலத்தில கரைக்கு வந்திருவம்."

அடுத்த நாள் இன்னும் மூன்று போன், மூன்றும் படகிலிருந்து. ஒருவருக்கு டீசல் தேவைப்பட்டது. காக்காவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியின் இலங்கைப் படத்தை மேசையில் விரித்து, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழிருந்த பீரிசை எடுத்துக் கல்முனைக்கு மேலே கவிழ்த்தார். பாதிப் பீரிசு நிலத்தில் இருந்தது, மீதிப் பாதி நீலத்தில்.

"தம்பி, நம்ம கரையோர ஆக்கள். நமக்கு வட்டம் சரிவராது. ஒங்கட விளம்பரத்தில பாதி கடல்ல மெதக்குது."

பிறகு அந்த நான்கு பேரையும் கழித்தார். எனக்கு அலுத்துப்போனது. பெருநாளுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அந்த அலுப்பில்தான், என் வாழ்க்கையிலேயே அதிகம் பேர் பார்த்த பதிவை நான் போட்டேன்.

முகம் தெரியாத ஊட்டுக்கு எவன் வருவான், ஆள் முகம் ஒன்றைப் போடுங்கள் என்று காக்கா முன்பொருநாள் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த ஒரே நல்ல படம் ஓய்வூதியப் படிவத்துக்கு எடுத்தது. வெள்ளைச் சட்டை, சிரிப்பில்லாத முகம். அதைப் பெரிதாகப் போட்டேன். கீழே மரியாதையாக என்னை அறிமுகம் செய்தேன். என் பெயர், தெரு, 'ஓய்வுபெற்ற லிகிதர், ஹாஜறாவின் அன்புக் கணவர்.' அறைகளைப் பற்றிய விபரமெல்லாம் அதற்குக் கீழே இருந்தது. ஆனால் போனில் முதல் மூன்று வரிதான் தெரியும், மீதியைப் பார்க்க விரலால் அமத்த வேண்டும். யார் அமத்துவது?

எங்கள் ஊர்களில் வெள்ளைச் சட்டையும் சிரிப்பில்லாத முகமும் தெருப் பெயரும் அன்புக் கணவரும் ஒரே பதிவில் வந்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. சவூதியில் இருக்கிற என் பெரியம்மா மகன்தான் முதலில் எழுதினான்: 'இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.' மரணச் செய்தி கேட்டதும் நாங்கள் ஓதுவது அது. அதற்குப் பிறகு யாருமே மேலே பார்க்கவில்லை. அவனுக்குக் கீழே இவன், இவனுக்குக் கீழே அவன். என்னோடு படித்தவர்கள், என்னிடம் கந்தோரில் படிவம் நிரப்பியவர்கள், பதினைந்து வருடமாக என்னோடு கதைக்காதவர்கள். 'நல்ல மனிசன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உயிரோடு இருக்கும்போது அவர் என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவர் ஹாஜறாவுக்குப் போன் எடுத்துத் தணிந்த குரலில் கேட்டார்: "நல்லடக்கம் எத்தின மணிக்கு?"

ஹாஜறா அப்போது எனக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். "ஆள் திண்டுக்கிட்டு இரிக்காரு" என்றாள்.

அதற்குள் கதிரை வாடகைக்காரர் யாரும் சொல்லாமலே ஐம்பது பிளாஸ்டிக் கதிரையை முற்றத்தில் இறக்கிவிட்டார். வந்தவர்கள் என்னைக் கண்டதும் முதலில் பின்வாங்கினார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்கள். கணக்கு மாஸ்டர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து, என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நானோ ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தளத்துக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆயிரம். ஆயிரத்து ஐந்நூறு. மௌத்தானதற்கு இவ்வளவு நல்ல பலன் எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

காக்கா சைக்கிளில் வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. பாதையில் தூசு கொஞ்சம் அதிகம்தான். என்னைப் பார்த்தவர் படியில் உட்கார்ந்தார்.

"உசிரோடயா இரிக்கீங்க?"

"ஓம் காக்கா."

"மறுகா ஏன் அப்பிடி ஒரு போட்டோவப் போட்ட?"

"காக்கா, ரெண்டாயிரத்தி முன்னூறு பேர்!"

"அவ்வளவும் ஒங்கட ஜனாஸாவுக்கு வந்த ஆக்கள் தம்பி. ரூமுக்கு நிய்யத் வெச்சி ஒருத்தனும் வரல்ல. கழிக்கணும்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும். நானும் ஒருக்கா அமத்தின. என்னயும் சேத்துக் கழிங்க."

அன்றைக்குப் பின்னேரம் கதிரைகள் எல்லாம் போனபிறகு ஹாஜறா என்னிடம் சொன்னாள்: "இஞ்ச பாருங்க. தம்பிக்கே குடுத்திருவம். இந்த ரூம் ரெண்டும் ஒங்கள ஒரு நாள் மெய்யாவே கொண்டு போயிரும்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் பயந்து சொன்னாள். நான் போனை அணைத்தேன். காக்காதான் வாயைத் திறந்தார்.

"மகள், பெருநாள் வரைக்கும் எண்டு சொன்ன வார்த்த இரிக்கி. எனக்கு மூணு செவ்வாக்கிழம தாங்க."

ஏன் செவ்வாய் என்று கேட்டேன். வாங்க காட்டுறன் என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே கிளினிக் கொப்பியோடு சனம் நெருங்கி நிற்கும். காக்கா ஒரு நீள வாங்கில் இடம்பிடித்து, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் தன் போனை நீட்டினார்.

"தம்பி, ராவைக்குத் தங்க ஒரு இடம் வேணுமெண்டா இதில என்னத்த அடிச்சித் தேடுவீங்க? அடிச்சிக் காட்டுங்க."

அந்த மனிதர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் சட்டைப்பையை ஒருமுறை தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவர், "நீங்க என்ன கட்சி?" என்று கேட்டார். நான் வெட்கத்தில் பிளேன்டீக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். காக்கா அசையவில்லை. இதுதான் அவருடைய தொழில்முறை. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்ல எத்தனையோ கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. அவர் எதையும் தொடமாட்டார். தேடுகிறவனின் விரலைத்தான் பார்ப்பார்.

கடைசியில் பொத்துவிலிலிருந்து வந்த ஒரு பெரியவர் போனை வாங்கினார். எழுத்தெல்லாம் நமக்கு வராது என்று ஒலிவாங்கிப் பொத்தானை அமத்தி, எதிரில் ஒருவனைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்:

"கல்முன ஆஸ்பத்திரிக்குக் கிட்ட படுக்க இடம்!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதோடு கூச்சம் விட்டுப்போனது. ஆளாளுக்குப் போனை வாங்கினார்கள். 'கிளினிக் முதல் நாள் எங்க தங்குற.' 'வெள்ளென நம்பர் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ரூம்.' ஓர் அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, "கொமட் இரிக்கிற ஊடு எண்டு கேளுங்க மகன்" என்றார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும் நம்பர் பிந்திவிடுகிறது என்பதால், முதல் நாளே வந்து யாரோ தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் ஒடுங்கிப் படுத்துவிட்டு வருகிறவர்கள்தான் அங்கே பாதிப்பேர். நான் இருபது வருடம் அந்தத் தெருவால் கந்தோருக்குப் போனவன். ஒருநாளும் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. பஸ் யன்னலில் தெரிந்த வெள்ளை முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று செவ்வாயும் காக்கா கொப்பியில் எழுதினார். 'ரிசோட்' என்று ஒருவரும் சொல்லவில்லை. 'கடற்காட்சி' என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது செவ்வாய் பின்னேரம் எங்கள் வீட்டில் குந்தி, கொழும்புக்காரரின் ஆங்கிலத்தையெல்லாம் அழித்துவிட்டு, தளத்தின் உச்சியில் தமிழில் எழுதினார்:

'நாளைக்குக் கிளினிக்கா? இங்கே படுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம். கொமட் உண்டு. ஏறிவரப் பதினேழு படி. கைபிடி உண்டு.'

"பதினேழு படி எண்டு போட்டா முழங்கால் வருத்தக்காரன் எப்பிடிக் காக்கா வருவான்?"

"வரமாட்டான். வந்து கீழ நிண்டு அழுறதுக்கு வராம இரிக்கிறது நல்லம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஹாஜறா அப்போது சொன்னாள்: "முழங்கால் ஏலாத ஆக்களுக்குக் கீழ முன் அறையக் குடுப்பம். அதயும் எழுதுங்க காக்கா."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அறைகளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவோம் என்றவள், தன் வீட்டிலேயே இன்னொரு அறையைத் தூக்கி என் பக்கம் வைக்கிறாள். காக்கா எழுதினார். அந்தச் சொற்களை எங்கள் பக்கத்தில் வேறு எவரும் அதுவரை எழுதியிருக்கவில்லை. அதனால் அப்படித் தேடுகிறவருக்கு எங்கள் தளம்தான் முதலில் வந்து நின்றது. வந்து நின்றதே தவிர, முதல் கிழமை யாரும் வரவில்லை. இரண்டாம் கிழமையும் இல்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது கணக்கு மாஸ்டர் மேலே ஏறிவிட்டார். நாடாவின் ஒரு நுனியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். தோற்றவனுக்கு வேறென்ன வேலை?

"இருவத்திரெண்டடி. கொஞ்சம் இறுக்கிப் புடிங்க மச்சான்."

அப்போது கீழே கேற் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு மனிதரும் மனைவியும் நின்றார்கள். வெயிலில் கறுத்துப்போன மனிதர், கையில் ஒரு துணிப்பை. அந்த அம்மா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுவா கிளினிக் ஆக்கள் படுக்கிற ஊடு? நாங்க வினாயகபுரம். நாளைக்கு இவவுக்குக் கண் கிளினிக். மகள் போன்ல தேடித் தந்தவ."

நாடாவின் நுனி என் கையிலிருந்து நழுவி, மாஸ்டரின் காலடியில் போய்ச் சுருண்டது.

"பதினேழு படி இரிக்கி ஐயா" என்றேன். சொல்ல வேண்டிய நல்ல வார்த்தைகள் ஆயிரம் இருக்க, என் வாயில் வந்தது அதுதான்.

"தெரியும் தம்பி. அதுதான் எழுதிக் கெடந்ததே. எண்ணிக்கிட்டே ஏறுவம்."

எண்ணிக்கொண்டே ஏறினார்கள். மாஸ்டர் பாதிப் படி இறங்கிவந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த மனிதர் மீன்பிடிக்காரர். அறைக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த என் பெரிய நீல அலையைப் பார்த்துவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தார்.

"என்ன ஐயா?"

"ஒண்டுமில்ல. இந்த அலைக்கு ஆரும் தோணி எறக்கமாட்டான். படுக்கக்குள்ள அங்கால திரும்பிப் படுக்கிறன்."

ஹாஜறா கஞ்சி கொண்டுவந்தாள். அடுத்தநாள் காலை மீன்பிடிக்காரர் கிளினிக்குக்கு வெள்ளெனவே போய், வரிசையில் தனக்கு முன்னால் மூன்று பேர்தான் என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். எனக்கு ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் நான் அதை வீட்டில் நான்கு பேருக்குச் சொன்னேன்.

மாதக் கடைசியில் காக்காவின் கணக்கு வந்தது. "எழுவத்தொரு பேர் பாத்த. அறுவத்திரெண்டக் கழிச்ச. ஒம்பது பேர் நிய்யத்தோட. அதில அஞ்சு பேர் வந்து படுத்த." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து கோடிப் பேரைக் கூட்டிவந்த மனிதரின் முகம்.

இப்போதெல்லாம் கிளினிக் நாளுக்கு முதல் நாள் இரண்டு அறையும் நிறைந்துவிடும். மற்ற நாட்களில் காலிதான். அப்போது மாஸ்டர் வந்து கட்டிலில் சாய்ந்துகொண்டு விடைத்தாள் திருத்துவார். நானும் ஒன்றும் சொல்வதில்லை, ஹாஜறாவும் சொல்வதில்லை. எனக்கு அலுப்பு மட்டும் போகவில்லை. கடவுச்சொல் மாதத்துக்கு ஒருமுறை மறந்துபோகிறது. மாற்றச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது, அந்தக் குறுஞ்செய்தியையும் மறந்துபோகிறேன். இன்னும் அதிகம் பேரை வரவழைத்துத் தருகிறோம் என்று யார் யாரோ போன் எடுக்கிறார்கள். யா அல்லாஹ் என்று போனைக் கவிழ்த்து வைக்கிறேன்.

காக்கா இந்த நாட்களில் அக்கரைப்பற்றில் ஒரு தென்னங்கன்று வியாபாரிக்கு ஆட்களைக் கழித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். எத்தனை பேர் என்று கேட்கமாட்டார்.

"இந்தக் கெழம ஆர் ஆர் வந்த?"

நான் சொல்வேன். பொத்துவிலிலிருந்து சீனி வருத்தக்காரர் ஒருவர். வினாயகபுரத்திலிருந்து காது கேளாத தகப்பனும் மகளும். நெஞ்சு நோவென்று வந்து, ஒன்றுமில்லை என்று சொன்னதும் சந்தோஷத்தில் எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண். காக்கா ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்ப்பார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி எல்லோருக்குமாக துஆ கேட்பார். பிளேன்டீயைக் குடிப்பார். போய்விடுவார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி தாண்டியும் அந்தச் சைக்கிளைக் காணவில்லை என்றால் நான் நாலைந்து தரம் கேற்றடிக்குப் போய் வருவேன். என்ன பாக்கிற என்று ஹாஜறா கேட்டால், தபால்காரனைப் பார்க்கிறேன் என்று சொல்வேன். எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமையில் தபால் வருவதில்லை.